கேட் லைட்டுக்கு மூணாவது ஒயர் இருக்கா பாஸ்?



இந்த வாரம் ஒரு குட்டி க்விஸ். மூணே கேள்விதான். நெகட்டிவ் மார்க் கிடையாது.

கேள்வி 1: உங்க செல்போன்ல எத்தனை ஜி.பி. மெமரி?
கேள்வி 2: உங்க வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?
கேள்வி 3: உங்க வீட்டு எர்த் குழி எந்த மூலையில இருக்கு?

முதல் ரெண்டுக்கும் தூக்கத்துல கூட பதில் சொல்லியிருப்பீங்க. மூணாவதுக்கு..? 'அது அப்பா டிபார்ட்மென்ட் பாஸ்'னு எஸ்கேப் ஆகுறவங்க ஒரு பக்கம். 'நான் பி.காம்., எனக்கெதுக்கு இது?'ங்கிறவங்க இன்னொரு பக்கம். இ.இ.இ. படிச்சிட்டு, கிர்ச்சாஃப் விதியை அரியர் இல்லாம பாஸ் பண்ணிட்டு, சொந்த வீட்டு எர்த் குழி தெரியாம முழிக்கிற சூரர்கள் தனி கேட்டகிரி!

மூணு பேருக்கும் சேர்த்துதான் இந்த வாரம் பேசப் போறோம். மேட்டர் சிம்பிள். வீட்டுக்கு வெளியே எரியுற லைட். அதாவது கேட் தூண்ல இருக்கிற லைட், போர்ட்டிகோ லைட், மொட்டை மாடி ஃபோகஸ் லைட், பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்கு மேல தொங்குற லைட். இதுங்களுக்கு எர்த் இருக்கா, இல்லையா? இதுதான் கேள்வி.

ஹாலில் இருந்தா ஹீரோ... வெளியே வந்தா வில்லன்!

ஹாலில் எரியுற பல்புக்கும் கேட்ல எரியுற பல்புக்கும் வர்றது அதே 230 வோல்ட்தான். ஆனா, ரெண்டும் இருக்கிற இடத்தை யோசிச்சுப் பாருங்க. ஹால் பல்பு பிளாஸ்டிக் ஹோல்டர்ல, பத்தடி உயரத்துல, நனையாம சமர்த்தா உட்கார்ந்திருக்கு. யாரும் அதைத் தொடப் போறதில்லை. தொட்டாலும் காய்ஞ்ச தரையில, ஸ்டூல் மேல நின்னுதான் தொடுவோம்.

கேட் லைட் அப்படியா? பெரும்பாலும் இரும்பு, இல்லைன்னா அலுமினியக் கூடு. சித்திரை வெயில்ல காய்ஞ்சு ஒயரோட தோல் வெடிக்கும். ஐப்பசி மழையில கூட்டுக்குள்ள தண்ணி இறங்கும். கூடு கதகதப்பா இருக்குன்னு பல்லி வந்து ஃபிரீயா குடித்தனம் நடத்தும். எறும்பு மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். அந்த மண்ணும் ஈரமும் சேர்ந்தா கரன்ட்டுக்கு ரோடு போட்டுக் கொடுத்த மாதிரி.

ஒருநாள் ஒயரோட தோல் உரிஞ்சு, செம்பு இழை ஒண்ணே ஒண்ணு உலோகக் கூட்டைத் தொடும். அவ்வளவுதான். லைட் எப்பவும் போல ஜம்முனு எரியும். ஃபியூஸ் போகாது. சத்தம் வராது. புகை வராது. ஆனா அந்தக் கூடு முழுக்க 230 வோல்ட் பதுங்கி உட்கார்ந்திருக்கும். யாராவது தொடுறதுக்காக!

தொடப்போறது யாரு? காலையில வெறுங்காலோட வாசல் தெளிக்கிற அம்மாவா இருக்கலாம். கேட்டைத் திறக்கிற பேப்பர் பையனா இருக்கலாம். தூண்ல சாய்ஞ்சு செல்போன் பேசுற நீங்களாவும் இருக்கலாம்.

இன்னொரு டேஞ்சர், நம்ம ஊர்ல ரொம்ப சாதாரணமா நடக்கிறது. மொட்டை மாடியில துணி காயப்போடுற கொடிக் கம்பி. ஒரு முனையை எங்க கட்டலாம்னு சுத்திமுத்திப் பார்த்தா, வசதியா லைட் மாட்டின இரும்புக் குழாய் கண்ணுல படும். அதுலயே கட்டிடுவோம். லைட்டுல லீக்கேஜ் வந்தா, குழாய் வழியா கொடிக் கம்பி முழுக்க கரன்ட். ஈரத்துணி, ஈரக்கை, ஈரத் தரை. மழைக்காலத்துல நாம பேப்பர்ல படிக்கிற பல சோகங்களுக்குப் பின்னாடி இப்படி ஒரு கம்பிதான் இருக்கு.

'பல்பு சின்னதுதானே சார்!'

'இப்பல்லாம் எல்.இ.டி. 9 வாட்தானே? அது என்ன பண்ணிடும்?' இந்த டயலாக்கை அடிக்கடி கேட்கலாம். சுத்தத் தப்பு! 9 வாட்ங்கிறது பல்பு எடுத்துக்குற அளவு. உங்க உடம்பு எவ்வளவு எடுத்துக்கும்ங்கிறதை பல்பு தீர்மானிக்காது. அதைத் தீர்மானிக்கிறது வோல்டேஜும் உங்க உடம்போட தடையும்தான்.

பத்தாம் வகுப்புல படிச்ச ஓம் விதியை எடுங்க. ஈரமான உடம்போட தடையைத் தோராயமா 1,000 ஓம்னு வெச்சுக்குவோம். 230-ஐ 1,000-ஆல வகுத்தா 0.23 ஆம்பியர். அதாவது 230 மில்லி ஆம்பியர்.

இது எவ்வளவு மோசம்? 1 மில்லி ஆம்பியர் போனா லேசா 'சுருக்'குனு தெரியும். 10 மில்லி ஆம்பியர் தாண்டினா கை தசை இறுகிப் பிடிச்சுக்கும். விடணும்னு நினைச்சாலும் விட முடியாது. 'கரன்ட் இழுத்துடுச்சு'ன்னு நாம சொல்றோமே, அது இதுதான். கரன்ட் இழுக்கலை, நம்ம தசையே நம்மை விடமாட்டேங்குது. 30 மில்லி ஆம்பியர் பக்கம் போனா மூச்சு விடுறதே போராட்டம். 100-ஐத் தொட்டா ஒரு சில நொடியில இதயம் தாளம் தப்பித் துடிக்க ஆரம்பிச்சிடலாம். நம்ம கணக்குல வந்தது 230!

காய்ஞ்ச தோல், ரப்பர் செருப்பு இருந்தா தடை பல மடங்கு ஏறும். அதனாலதான் வெயில் காலத்துல 'லேசா ஷாக் அடிக்குது'ன்னு சிரிச்சிட்டுப் போற அதே லைட், மழைக்காலத்துல ஆளையே சாய்க்குது. லேசா அடிக்கிற ஷாக், லைட் நமக்கு அனுப்புற எஸ்.எம்.எஸ். அதைப் படிக்காம டெலிட் பண்ணிடாதீங்க!

மூணாவது ஒயர் என்ன செய்யும்?

லைட் எரிய ரெண்டு ஒயர் போதும். ஃபேஸ் ஒண்ணு, நியூட்ரல் ஒண்ணு. நம்ம ஊர் பழைய வீடுகள்ல லைட் பாயின்ட்டுக்கு இந்த ரெண்டுதான் இழுத்திருப்பாங்க. எர்த் ஒயர் பிளக் பாயின்ட்டோட நின்னுபோயிருக்கும். அன்னிக்கு மாட்டினது பேக்கலைட் ஹோல்டர், குண்டு பல்பு. தொடுறதுக்கு உலோகமே இல்லை. அதனால பெரிய பிரச்னை வரலை.

அப்புறம் வீட்டை அழகுபடுத்துறோம். கடையில சூப்பரா ஒரு இரும்பு லாந்தர் மாடல் லைட் வாங்கி, அதே ரெண்டு ஒயர்ல மாட்டுறோம். லைட்டோட பெட்டியில பச்சை ஸ்க்ரூ ஒண்ணு, பக்கத்துல மேலிருந்து கீழா சின்னதாகிக்கிட்டே போற மூணு கோடு போட்ட ஒரு குறி. அது எர்த் குறி. 'இது எதுக்குண்ணே?'ன்னு கேட்டா, 'அது தேவையில்லை தம்பி, லைட் எரியுதுல்ல!'ன்னு பதில் வரும். வில்லங்கம் ஆரம்பிக்கிறது அங்கதான்.

அந்த ஸ்க்ரூவுல பச்சை ஒயரை மாட்டி, மெயின் போர்டு எர்த் வழியா மண்ணுக்குள்ள இருக்கிற எர்த் குழி வரைக்கும் கொண்டுபோகணும். அப்படிச் செய்தா, ஃபேஸ் ஒயர் கூட்டைத் தொட்ட நிமிஷமே கரன்ட்டுக்குத் தப்பிச்சு ஓட வழி கிடைக்கும். உங்க உடம்புக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் அதுக்கு இருக்காது. அப்படி ஓடுற கரன்ட்டைப் பார்த்து, பாதுகாப்புக் கருவி லைனை வெட்டணும். இதுதான் எர்த்திங்கோட முழுக் கதை. ரெண்டாவது பாதியைப் பல பேர் மறந்துடுறோம். அதைத்தான் இப்ப பார்க்கப் போறோம்.

குழி வெட்டினா போதுமா?

'எங்க வீட்டுல எர்த் குழி பக்காவா இருக்கு. உப்பு, கரி எல்லாம் போட்டிருக்கு. எம்.சி.பி.யும் இருக்கு. அப்புறம் என்ன?' கரெக்டான கேள்வி. பதிலுக்கு மறுபடி அதே ஓம் விதி.

நம்ம வீட்டு எர்த், மண் வழியா டிரான்ஸ்ஃபார்மரோட எர்த் வரைக்கும் போயித்தான் வட்டம் முழுமையாகுது. மண்ணு ஒண்ணும் செம்புக் கம்பி இல்லை. கோடையில காய்ஞ்சு கிடக்கிற மண்ணுல இந்தப் பாதையோட மொத்தத் தடை 40 ஓம்னு வெச்சுக்குங்க. 230-ஐ 40-ஆல வகுத்தா 5.75 ஆம்பியர். உங்க லைட் லைன்ல இருக்கிற எம்.சி.பி. 6 ஆம்பியர். அது என்ன நினைக்கும்? '5.75 தானே, நம்ம லிமிட்டுக்குள்ளதான் இருக்கு'ன்னு ஜாலியா உட்கார்ந்திருக்கும். ட்ரிப் ஆகவே ஆகாது! கூட்டுல கரன்ட் அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு 1,300 வாட்டுக்கு மேல சும்மா மண்ணுக்குள்ள போய்க்கிட்டிருக்கும்.

சரி, குழி நல்ல குழி, தடை 10 ஓம்தான்னே வெச்சுக்குவோம். 23 ஆம்பியர் வரும். இப்ப எம்.சி.பி. ட்ரிப் ஆகும். ஆனா உடனே ஆகாது. வீட்டுல பரவலா போடுற 'சி' வகை எம்.சி.பி. பட்டுனு வெட்ட, அதோட அளவைப் போல 5-லிருந்து 10 மடங்கு கரன்ட் வேணும். 23-ங்கிறது நாலு மடங்கு கூட இல்லை. அதனால சூடாகி, நிதானமா, சில நொடி கழிச்சுதான் விழும். இதயத்துக்கு அந்தச் சில நொடியே அதிகம்.

எம்.சி.பி.யைத் திட்டாதீங்க. அதோட வேலை ஒயர் தீப்பிடிக்காம காப்பாத்துறது. உங்களைக் காப்பாத்துறது அதோட சிலபஸ்லயே இல்லை!

என்ட்ரி கொடுக்கிறார் ஆர்.சி.சி.பி.!

ஆளைக் காப்பாத்துறதுக்குன்னே ஒரு கருவி இருக்கு. பேரு ஆர்.சி.சி.பி. கடையில 'இ.எல்.சி.பி.'ன்னு பழைய பேரைச் சொல்லிக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பாங்க. மெயின் போர்டுல எம்.சி.பி.யை விட அகலமா, 'டி'ங்கிற இங்கிலீஷ் எழுத்து போட்ட ஒரு குட்டி பட்டனோட இருக்கும்.

இதோட வேலை என்னன்னா, டூர் கூட்டிட்டுப் போற பி.டி. மாஸ்டர் வேலை. போகும்போது பஸ்ல 40 பேர். திரும்பும்போதும் 40 பேர் இருக்கணும். ஒருத்தர் குறைஞ்சாலும் விசில்! ஃபேஸ்ல போற கரன்ட்டும் நியூட்ரல்ல திரும்புற கரன்ட்டும் சமமா இருக்கான்னு இது பார்த்துக்கிட்டே இருக்கும். வித்தியாசம் வந்தா, 'எங்கயோ லீக் ஆகுது'ன்னு லைனை வெட்டிடும். வீட்டுக்குப் போடுறது 30 மில்லி ஆம்பியர் அளவு. அந்த அளவு லீக் ஆனா 0.3 நொடிக்குள்ள வெட்டணும்ங்கிறது விதி. லீக் அதிகமா இருந்தா இன்னும் சீக்கிரம்.

மேலே சொன்ன 5.75 ஆம்பியர் இருக்கே, அது 30 மில்லி ஆம்பியரைப் போல 190 மடங்கு. எம்.சி.பி. கண்டுக்காத அந்த லீக்கை ஆர்.சி.சி.பி. கண் இமைக்கிற நேரத்துல பிடிச்சிடும். காய்ஞ்ச மண்ணா இருந்தாலும் கவலை இல்லை.

'அப்படின்னா ஆர்.சி.சி.பி. மட்டும் போதுமே, எதுக்கு எர்த் ஒயர்?'னு ஒரு புத்திசாலி கேட்பார். இந்தக் கட்டுரையிலயே முக்கியமான இடம் இதுதான். கவனிங்க.

எர்த் ஒயர் இல்லாத லைட். கூட்டுல கரன்ட் வந்திடுச்சு. காய்ஞ்ச தூண்ல கரன்ட் போக வழியில்லை. லீக் ஆகாததால ஆர்.சி.சி.பி.க்கும் ஒண்ணும் தெரியாது. விடியற்காலையில அம்மா வந்து கை வைக்கிறாங்க. இப்பதான் கரன்ட்டுக்கு வழி கிடைக்குது. அம்மாவோட உடம்பு வழியா! அப்புறம்தான் ஆர்.சி.சி.பி. வெட்டும். உயிர் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனா ஷாக் நிச்சயம். ஏணி மேல நின்னிருந்தா கீழே விழுறதும் நிச்சயம்.

எர்த் ஒயர் இருக்கிற லைட். ராத்திரி ரெண்டு மணிக்கு மழையில ஒயர் கூட்டைத் தொடுது. அதே நொடி எர்த் வழியா கரன்ட் ஓடுது. ஆர்.சி.சி.பி. 'டக்'. வீடு இருட்டு. ஃபேன் நின்னு, கொசு கடிச்சு, எல்லாரும் எழுந்து திட்டுவீங்க. ஆனா யார் மேலயும் ஒரு சின்ன ஷாக் கூட இல்லை.

முதல் கேஸ்ல அந்தக் கோளாறைக் கண்டுபிடிச்சது அம்மா. ரெண்டாவது கேஸ்ல பச்சை ஒயர். உங்க வீட்டுல யார் கண்டுபிடிக்கணும்?

ஒரு முக்கியமான லிமிட்டும் இருக்கு. ஃபேஸை ஒரு கையிலயும் நியூட்ரலை இன்னொரு கையிலயும் பிடிச்சா, ஆர்.சி.சி.பி. ஒண்ணும் செய்யாது. போனது திரும்பி வந்துடுச்சே! அதுக்கு நீங்களும் ஒரு பல்புதான். அதனால 'ஆர்.சி.சி.பி. இருக்கு'ன்னு தெம்பா ஒயரை நோண்ட வேண்டாம்.

ஷார்ட்கட் சுந்தரங்கள் ஜாக்கிரதை!

எர்த் ஒயர் இல்லாத இடத்துல சில பேர் செய்ற 'ஐடியா'க்கள் இருக்கே... ஒவ்வொண்ணும் டைம் பாம்.

ஐடியா 1: எர்த் ஸ்க்ரூவை நியூட்ரலோட முடிச்சுப் போடுறது. 'ரெண்டும் கடைசியில மண்ணுக்குத்தானே போகுது'ன்னு விளக்கம் வேற. நியூட்ரல் ஒயர் எங்கயாவது ஒரு இடத்துல லூஸ் ஆச்சுன்னு வைங்க. ஃபேஸ் கரன்ட் பல்பு வழியா வந்து, திரும்பிப் போக வழியில்லாம நேரா உலோகக் கூட்டுல ஏறி உட்கார்ந்திடும். கோளாறு இல்லாத லைட் கூட ஆள்கொல்லி ஆகிடும். இதை எவ்வளவு பெரிய எலெக்ட்ரீஷியன் சொன்னாலும் 'வேண்டாம்ணே' சொல்லுங்க.

ஐடியா 2: தண்ணிக் குழாய்ல கட்டுறது. அந்தக் காலத்துல வீடு முழுக்க இரும்புக் குழாய், அது மண்ணுக்குள்ள போகும், ஓரளவுக்கு எர்த் ஆச்சு. இப்ப பாதி வழியில பிளாஸ்டிக் குழாய் மாத்தியிருப்போம். அப்ப கரன்ட் மண்ணுக்குப் போகாது. பாத்ரூம் டேப்புக்கு வரும்!

ஐடியா 3: கேட் பக்கத்துல ஒரு இரும்புக் கம்பியை மண்ணுல அடிச்சு, அதுல மட்டும் கட்டுறது. ரெண்டடி கம்பிக்குத் தடை தாராளமா 100 ஓமைத் தாண்டலாம். எம்.சி.பி.க்கு எதுவுமே தெரியாது. லைட்டோட எர்த், வீட்டோட மெயின் எர்த்தோட சேர்ந்திருக்கணும். குறுக்கு வழி இல்லை.

ஐடியா 4: ஸ்விட்ச்சை நியூட்ரல்ல கொடுக்கிறது. லைட் ஆஃப் ஆகும். ஆனா ஹோல்டர்ல கரன்ட் இருக்கும். 'ஸ்விட்ச்சைத்தான் ஆஃப் பண்ணிட்டேனே'ன்னு பல்பு மாத்தப் போனா ஷாக். ஸ்விட்ச் ஆஃப் பண்ணின பிறகும் எல்.இ.டி. பல்பு மினுக்மினுக்னு மங்கலா எரியுதா? வேற காரணமும் இருக்கலாம், ஆனா இதுவும் ஒரு காரணம். ஒருதடவை செக் பண்ணச் சொல்லுங்க.

மண்ணுக்குள்ள என்ன இருக்கு?

எர்த் குழிக்குன்னு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு விதிமுறை வெச்சிருக்கு. ஐ.எஸ். 3043-ங்கிறது அதோட நம்பர். 1987-ல் திருத்தி, மறுபடியும் 2018-ல் திருத்தி வெளியிட்டாங்க. சுருக்கமா சொன்னா, துத்தநாகம் பூசின இரும்புக் குழாயை இரண்டரை மீட்டர் ஆழத்துக்கு மண்ணுக்குள்ள இறக்கணும். சுத்தி கரியும் உப்பும் அடுக்குறது பழைய ஸ்டைல். ஈரத்தைப் பிடிச்சு வைக்கத்தான் கரி. உப்பு கரைஞ்சா மண்ணோட தடை குறையும். ஆனா அதே உப்பு இரும்பை அரிக்கும். அதனால பதினஞ்சு இருபது வருஷப் பழைய குழியை 'இருக்கு'ன்னு மட்டும் நம்பக்கூடாது. அளந்து பார்க்கணும்.

அளக்கிறதுக்கு எர்த் டெஸ்டர்னு தனி மீட்டர் இருக்கு. கோடையில அளந்தா நிஜம் தெரியும். மழைக்கு அடுத்த நாள் அளந்தா எல்லா குழியும் டிஸ்டிங்ஷன்தான்! கோடையில குழிக்கு ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. அப்புறம், டைல்ஸ் போடுறப்ப குழியையே மூடி சிமென்ட் பூசிட்ட வீடுகளும் இருக்கு. உங்க வீடு அந்த லிஸ்ட்ல இருக்கான்னு அப்பாகிட்ட கேட்டுப் பாருங்க.

இந்த இடத்துல ஒரு போனஸ் தகவல். மூணு பின் பிளக்ல எர்த் பின் மட்டும் ஏன் தடிமனா, நீளமா இருக்கு? நீளமா இருக்கிறதால செருகும்போது முதல்ல எர்த் சேரும், பிடுங்கும்போது கடைசியா விலகும். தடிமனா இருக்கிறதால வேற ஓட்டைக்குள்ள தப்பா நுழையாது. இன்டர்வியூவுல கேட்டாலும் கேட்பாங்க, நோட் பண்ணிக்குங்க!

கை வைக்காம, கண்ணால செக் பண்ணுங்க

இந்த ஞாயித்துக்கிழமை பகல்ல, மழை இல்லாதப்ப, பத்து நிமிஷம் ஒதுக்குங்க. டெஸ்டர் வேண்டாம், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். கண்ணு மட்டும் போதும்.

1. வெளியே எத்தனை லைட்? ஒவ்வொண்ணும் உலோகமா, பிளாஸ்டிக்கா? உலோகமா இருந்தா தொடாம பேப்பர்ல குறிச்சுக்குங்க.

2. லைட்டோட லேபிள்ல சதுரத்துக்குள்ள சதுரம் போட்ட குறி இருக்கா? அது இரட்டை இன்சுலேஷன். அதுக்கு எர்த் தேவையில்லை. மூணு கோட்டு எர்த் குறி இருந்தா, பச்சை ஒயர் கட்டாயம்.

3. 'ஐ.பி.'ன்னு போட்டு ரெண்டு நம்பர் இருக்கா? முதல் நம்பர் தூசிக்கு, ரெண்டாவது தண்ணிக்கு. 44-ன்னா சாரல் தாங்கும். 65-ன்னா தூசி உள்ளே போகாது, தண்ணியைப் பீய்ச்சி அடிச்சாலும் தாங்கும். கேட் தூணுக்கும் மொட்டை மாடிக்கும் 65 நல்லது. நம்பரே இல்லைன்னா, அது வெளியே மாட்டுற லைட்டே இல்லை!

4. கூட்டுக்குள்ள தண்ணி, பாசி, எறும்பு மண் தெரியுதா? ஒயர் வெடிச்சிருக்கா? ஜாயின்ட்ல இன்சுலேஷன் டேப் மட்டும் சுத்தி வெயில்ல விட்டிருக்கா?

5. கொடிக் கம்பி, கேட், படிக்கட்டு கைப்பிடி இதுல எதுவாவது லைட் குழாயையோ ஒயரையோ தொடுதா? கொடிக் கம்பியை இன்னிக்கே பிரிச்சு வேற இடத்துல நைலான் கயிறா மாத்துங்க. லைட் குழாய்ல கம்பியைக் கட்டியிருந்தா, முதல்ல மெயினை ஆஃப் பண்ணிட்டு அப்புறம் கை வைங்க. இதுக்கு எலெக்ட்ரீஷியனே வேண்டாம்.

6. மெயின் போர்டுல ஆர்.சி.சி.பி. இருக்கா? இருந்தா வீட்டுல சொல்லிட்டு, கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டு 'டி' பட்டனை அழுத்துங்க. 'டக்'குனு விழுந்தா ஓகே. விழலைன்னா அது பொம்மை, மாத்தணும். மாசத்துக்கு ஒருநாள் இதை வழக்கமாக்குங்க. ஆனா ஒண்ணு. இந்த பட்டன் கருவியை மட்டும்தான் சோதிக்கும். எர்த் ஒயரே இல்லாத வீட்டுலயும் 'டக்'குனு விழும். அதனால பட்டன் வேலை செஞ்சதும் 'எர்த் ஓகே'ன்னு முடிவு பண்ணிடாதீங்க.

டெஸ்டர் கேஸும் அப்படித்தான். எர்த் பின்ல டெஸ்டர் வெச்சா எரியலையா? நல்ல எர்த் இருந்தாலும் எரியாது, ஒயரே மாட்டாம இருந்தாலும் எரியாது! அதை வெச்சு முடிவுக்கு வர முடியாது.

எலெக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட என்ன கேட்கணும்?

லிஸ்ட் ரெடியா? இனி வேலை, முறையா ஒயர்மேன் சான்றிதழ் வெச்சிருக்கிறவரோடது. நீங்களே ஏணி போட்டு ஏறாதீங்க. ஆனா கேள்வி கேட்கிறது உங்க வேலை.

பட்ஜெட் டைட்டா? உலோக லைட்டைக் கழட்டிட்டு, இரட்டை இன்சுலேஷன் குறி போட்ட பிளாஸ்டிக் லைட் மாட்டுங்க. பழைய ரெண்டு ஒயரே போதும். அழகு கொஞ்சம் கம்மி, நிம்மதி ஜாஸ்தி. இல்லைன்னா குட்டி சோலார் லைட். அதுல 230 வோல்ட் பேச்சே இல்லை.

உலோக லைட்தான் வேணுமா? மூணு ஒயரா இழுக்கச் சொல்லுங்க. பச்சை ஒயர் மெயின் போர்டு எர்த் வரைக்கும் போகுதான்னு பக்கத்துல நின்னு பாருங்க. பழைய வீட்டுல கலரை மட்டும் நம்பாதீங்க. பச்சை ஒயரை ஃபேஸுக்கு இழுத்த மகான்களும் உண்டு! ஆர்.சி.சி.பி. இல்லைன்னா, 30 மில்லி ஆம்பியர்ல ஒண்ணு மாட்டச் சொல்லுங்க. ஒரு சுமாரான ப்ளூடூத் ஹெட்செட் விலைதான்.

ஆர்.சி.சி.பி. மாட்டினதும் அடிக்கடி விழுதா? 'தொல்லை'ன்னு கழட்டிப் போட்டுட்டு நேரா கொடுக்கச் சொல்லாதீங்க. வீட்டுல ஏற்கெனவே எங்கயோ லீக் இருக்குன்னு அது புகார் கொடுக்குது. புகார் கொடுத்தவரையே சஸ்பெண்ட் பண்ணலாமா?

மேன்ஷன், மொட்டை மாடி ரூம், வாடகை வீட்டுல தங்கிப் படிக்கிற மக்களே... 'ஓனர் செய்ய மாட்டார்'னு விட்டுடாதீங்க. ஆறு பேரா சேர்ந்து போய், 'அங்கிள், மாடிப்படி லைட்டுல லேசா ஷாக் அடிக்குது'ன்னு பணிவா சொல்லுங்க. அவர் வீட்டுக் குழந்தைகளும் அதே படியிலதான் ஏறுறாங்கன்னு சேர்த்துச் சொல்லுங்க. வேலை நடக்கும். நடக்கிற வரைக்கும் அந்த லைட்டோட லைனை ஆஃப்ல வெச்சு, அந்தப் படியில டார்ச் அடிச்சு ஏறுங்க.

தீபாவளி, கார்த்திகை, பொங்கல்னு சீரியல் செட் தொங்கவிடுற பார்ட்டிகளுக்கு ஒரு வார்த்தை. இரும்பு கேட், கிரில்ல சுத்தாதீங்க. மழை வந்தா ஆஃப். ஜாயின்ட் தரையில படக் கூடாது.

ஒருவேளை நடந்துட்டா?

யாராவது ஷாக்குல மாட்டிக்கிட்டா, பாசத்துல ஓடிப்போய்க் கட்டிப் பிடிக்காதீங்க. ஒருத்தரைக் காப்பாத்தப் போய் ரெண்டு பேர் போன வீடுகள் உண்டு. முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க. மெயின் எங்க இருக்குன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். அது முடியலைன்னா, காய்ஞ்ச இடத்துல நின்னு, காய்ஞ்ச மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளி விடுங்க. அப்புறம் 108-க்கு போன்.

மூச்சு இல்லைன்னா, நெஞ்சு நடுவுல ரெண்டு உள்ளங்கையையும் சேர்த்து வெச்சு, நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. உங்க காலேஜ்ல என்.எஸ்.எஸ்., ஒய்.ஆர்.சி. கேம்ப்ல இதைக் கத்துக் கொடுத்தா, கட் அடிக்காம உட்காருங்க. தெருவுல ஒயர் அறுந்து கிடந்தா கிட்டப் போகாம, மின்வாரியத்தோட மின்னகம் நம்பர் 94987 94987-க்கு சொல்லுங்க.

இந்த வார ஹோம்வொர்க்

வீட்டுல எர்த் குழி எங்கன்னு கண்டுபிடிங்க. வெளியே இருக்கிற உலோக லைட்களை எண்ணுங்க. கொடிக் கம்பியை மாத்துங்க. லிஸ்ட்டை அப்பா கையில கொடுத்துட்டு, 'செலவு பண்ணலாம்பா'ன்னு சொல்லுங்க. 'பையனுக்கு, பொண்ணுக்குப் பொறுப்பு வந்துடுச்சே'ன்னு அவர் ஆச்சரியப்படுற அந்த கேப்ல பாக்கெட் மணியை உயர்த்திக் கேட்கிறதெல்லாம் உங்க சாமர்த்தியம்!

அடுத்த வாரம், ஹாஸ்டல் ரூம்ல பக்கெட்டுக்குள்ள வாட்டர் ஹீட்டர் ராடை விட்டுட்டுக் குளிக்கப் போற வீரர்களோட ஒரு பஞ்சாயத்து இருக்கு. அதுவரைக்கும் ஈரக்கையோட ஸ்விட்ச் பக்கம் போகாதீங்க.

பை பை!